சர்வீஸ் இடைவெளியை 15,000 கிலோமீட்டருக்கு மாற்றிய கதை

ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் என்னுடையது. ஒர்க்‌ஷாப்பில் லாங்லைஃப் (நீண்ட தூரம் தாங்கும்) வகை அல்லாத சாதாரண என்ஜின் ஆயில் ஊற்றி, டேஷ்போர்டில் இருந்த பழைய சர்வீஸ் கணக்கையும் அழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அடுத்த சர்வீஸுக்கு 30,000 கிலோமீட்டர் என்று டேஷ்போர்டு காட்டுகிறது! அந்த ஆயில் அவ்வளவு தூரம் தாங்காது. டர்போ உள்ள என்ஜினில் இதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

காரின் கணினி அமைப்புகளை லேப்டாப்பில் இருந்து மாற்ற உதவும் விசிடிஎஸ் (VCDS) மென்பொருளும் கேபிளும் கையில் இருந்தன. ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைச் சோதிக்கும் இணைப்பு) கேபிளைச் செருகி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, மென்பொருளில் 17ஆம் எண் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டேஷ்போர்டு மீட்டர்) பகுதிக்குள் போய், மதிப்புகளை மாற்றும் அடாப்டேஷனைத் திறந்தேன். எதையும் தொடும் முன் பழைய மதிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் சேனல் என்று ஓர் எண் உண்டு. சேனல் 42 அடுத்த சர்வீஸுக்கான குறைந்தபட்சத் தூரம், 43 அதிகபட்சத் தூரம். இரண்டிலும் 15 என்று போட்டேன். ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு என்பதால் 15,000 என்று அடித்துவிடக் கூடாது. 44லும் 49லும் நாட்கள், அவற்றில் 365. ஆயில் தரத்துக்கான 45இல் 1, அதாவது லாங்லைஃப் அல்லாத ஆயில். ஒவ்வொன்றையும் டெஸ்ட் செய்து, சேவ் கொடுத்து, மறுபடி படித்துப் பார்த்தேன்.

அப்புறம் இக்னிஷனை அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். திரையில் 15,000 கிலோமீட்டர், 365 நாள். இப்போதுதான் நிம்மதி. வேறு மாடல் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். சேனல்கள் மாறும்.