யுஎஸ்பி சீரியல் அடாப்டர்: போர்டு அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத்து சென்சார் போர்டுக்குப் புரோகிராம் ஏற்ற, அதைக் கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் கட்டைவிரல் அளவு சீரியல் அடாப்டர் போதும். ஆனால் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரெசிஸ்டரை மறந்தால், அதற்காக மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை வரை போக நேரும். அதனால் பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆர்டர் போடும் முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது 3.3 / 5 என்று அச்சடித்த ஜம்பர். பல மலிவு அடாப்டர்களில் அது வெளியே மின்சாரம் தரும் விசிசி பின்னை மட்டும்தான் மாற்றும். உள்ளே யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப் 5 வோல்ட்டிலேயே ஓடும்; தரவை அனுப்பும் டிஎக்ஸ் கோடும் 5 வோல்ட்டுக்கு ஏறும். வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலரான இஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. உடனே சாகாமலும் போகலாம், அதுதான் தொல்லை. சோதிப்பது சுலபம்: ஜம்பரை 3.3-இல் வைத்து, யுஎஸ்பியில் மட்டும் செருகி, வேறு எதையும் இணைக்காமல், டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும் டிஎக்ஸ் எப்போதும் மேலேதான் நிற்கும். மீட்டர் 5 காட்டினால் ஜம்பர் வெறும் அலங்காரம்.

சிப்பையே 3.3-இல் ஓட்டுவதுதான் சரி. அப்போது சிப்பின் வி3 பின்னை (உள் 3.3 வோல்ட்டுக்கானது) விசிசியோடு சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டினால் சேர்க்கவே கூடாது. வி3-இலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் மட்டும். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி (ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர்), 3 வோல்ட் வந்தாலே ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே 3.3 போதும். அங்கிருந்து அடாப்டருக்குத் திரும்பி வரும் 5 வோல்ட்டை, கோட்டில் 1 கிலோ ஓம், அடாப்டர் பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டு 3.3-ஆகக் குறையுங்கள். டிஎக்ஸுக்கு எதிரே ஆர்எக்ஸ் (தரவைப் பெறும் பின்) என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பின் பெயரை யார் பக்கமிருந்து எழுதியது என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, 5 வோல்ட்டை 3.3-ஆக்கும் ரெகுலேட்டர். பழக்கத்தில் ஏஎம்எஸ்1117 போடுகிறார்கள். நீளக் கேபிளில் 5 வோல்ட் 4.4-ஆக இறங்கினால், அது விழுங்கும் 1.3 வோல்ட் போக மிச்சம் 3.1. வைஃபை கிளம்பும் நொடியில் இஎஸ்பி32 சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும், போர்டு ரீசெட் ஆகும், பழி புரோகிராமின் மேல் விழும். 600 மில்லி ஆம்பியர் தரும் ஏபி2112கே-3.3 இதற்குப் பொருத்தம்.

டைப்-சி போர்ட்டில், கேபிள் இணைந்ததை அறிய உதவும் சிசி1, சிசி2 பின்கள் இரண்டுக்கும் தனித்தனி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒன்றையே பொதுவாகப் போட்டாலும் தவறுதான். ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டுவிட்டால் ஏ-டு-சி கேபிளில் நன்றாக ஓடும், சி-டு-சி கேபிளில் உயிரே வராது. மேசையில் தெரியாத குறை, தோட்டத்தில் வேறு லேப்டாப்பில் செருகும்போது தெரியும்.

இடம் மிச்சம் என்று சிஎச்340-இன் சிறிய வகைகளான சிஎச்340என் அல்லது சிஎச்340இ எடுப்பவர்கள் கவனிக்க: கணினி போர்டைத் தானாக ரீசெட் செய்ய டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுப் பின்கள் பயன்படும்; இந்த இரண்டிலும் டிடிஆர் பின் கிடையாது. ஏடிமெகாவுக்கு ஆர்டிஎஸ்-இலிருந்து 100 நானோ ஃபாரட் வழியாக ரீசெட் கொடுத்துச் சமாளிக்கலாம். இஎஸ்பி32-க்கு டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர்களும் வேண்டும். ஆர்டிஎஸ்-ஐ நேராக இஎஸ்பி32-இன் இஎன் (ரீசெட்) பின்னில் கட்டினால், சீரியல் மானிட்டர் திறந்திருக்கும் வரை சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். சிஎச்340சி சற்றுப் பெரிது, ஆனால் டிடிஆர் உண்டு, சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் தனிக் கிரிஸ்டலும் வேண்டாம்.

கிரிஸ்டல் வேண்டாம் என்பது மலையில் பெரிய வசதி. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை நாட்களில் துணியே காயாது. சால்டர் செய்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸும் (சால்டர் ஒட்ட உதவும் பசை) ஈரத்தை இழுத்து மெல்லிய கசிவுப் பாதையாகிறது. சிஎச்340ஜி-இன் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கால்களுக்கு நடுவே அப்படி ஒன்று இருந்தால், மத்தியானம் ஓடிய அடாப்டர் காலையில் கணினிக்கே தெரியாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு இரண்டு முறை தேய்த்து, சூடான காற்றில் உலர்த்தி, அக்ரிலிக் கோட்டிங் அடியுங்கள். அதற்கு முன் யுஎஸ்பி வாய்க்கும் பின்களுக்கும் டேப் ஒட்ட மறக்காதீர்கள். பனியில் இருந்து கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்த போர்டில் நீர் கோக்கும். ஜிப் பையை மூடியபடியே வைத்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாதபோது பிரித்துச் செருகுங்கள்.