சதோஷி யார் என்று எழுதும் முன்: ஊகச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வாழும் எங்களுக்கு, எந்தச் செய்தியும் ஒரே மொழியில் வந்து சேர்வதில்லை. காலையில் மலையாளத் தொலைக்காட்சியில் கேட்டது மதியத்துக்குள் தமிழில் வேறு சொற்களில் வரும். மாலையில் இரண்டும் கலந்து வாட்ஸ்அப் குழுக்களில் மூன்றாம் வடிவம் எடுத்திருக்கும். 2024 அக்டோபரில், பிட்காயின் என்ற இணையவழி நாணயத்தை உருவாக்கிய, சதோஷி நகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்வதாக ஓர் அமெரிக்க ஆவணப்படம் வெளிவந்தபோது, எங்கள் வாசகசாலையில் செய்தி எழுதப் பழகும் இளைஞர்கள் அந்தச் செய்தியின் ஐந்து வடிவங்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். முதல் வடிவத்தில் "படம் இவ்வாறு கருதுகிறது" என்றிருந்த வாக்கியம், ஐந்தாம் வடிவத்தில் "பிட்காயினைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்று முடிந்திருந்தது. சம்பந்தப்பட்டவர் அதை மறுத்தார் என்ற வரி முதல் வடிவத்தில் மூன்றாம் பத்தியில் இருந்தது. கடைசி வடிவத்தில் அது இல்லவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வரி எங்கே தொலைகிறது என்பதைப் பற்றியது. சதோஷியாக இருக்கலாம் என்று பத்திரிகைகள் சுட்டியவர்களில், தாமே முன்வந்து உரிமை கோரிய ஒருவரையும், இன்று உயிருடன் இல்லாத ஒருவரையும் தவிர வேறு எவரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. மறுப்புத் தெரிவித்த ஒருவரின் பெயரை மீண்டும் ஒருமுறை அச்சேற்றுவது, இந்தக் கட்டுரை எந்தத் தவறைக் குறித்து எழுதப்படுகிறதோ அதே தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

உறுதியாகத் தெரிந்தவை சிலவே. 2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில், பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. 2009 ஜனவரி 3 என்ற தேதியிட்ட முதல் பிளாக்கில் (பரிமாற்றங்களைப் பதியும் பொதுப் பேரேட்டின் முதல் தொகுதியில்), வங்கிகளைக் காப்பாற்ற இரண்டாம் முறை நிதி வழங்குவது பற்றிய லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் தலைப்புச் செய்தி பொதிந்துவைக்கப்பட்டது. ஜனவரி 12 அன்று சதோஷியிடமிருந்து ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின்கள் சென்றன. 2010 டிசம்பரில் பொதுவெளிப் பதிவுகள் நின்றன. 2011 ஏப்ரலுக்குப் பிறகு தனி மின்னஞ்சல்களும் நின்றன. ஓர் இணையப் பக்கத்தில் தம் நாடு ஜப்பான் என்றும், பிறந்த நாள் 1975 ஏப்ரல் 5 என்றும் சதோஷி குறித்திருந்தார். ஆனால் அது எவரும் சரிபார்க்காத, அவரே நிரப்பிய விவரம். ஒரே ஆளா, ஒரு குழுவா, ஆணா, பெண்ணா என்பதற்குக்கூட ஆதாரம் கிடையாது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு வசதி இருப்பதைச் சொல்ல வேண்டும். நம்முடைய 'அவர்' என்ற சொல் பாலைக் காட்டாது. மலையாளத்தின் 'அத்தேஹம்' ஆணையே குறிக்கும். மலையாளச் செய்தியைத் தமிழாக்கும்போது 'அந்த மனிதன்', 'அந்த ஆசாமி' என்று எழுதிவிட்டால், மூலத்தில் இருந்த ஓர் ஊகம் தமிழில் உண்மையாக உறைந்துவிடுகிறது. 'அவர்' என்று விட்டாலே போதுமானது.

பெயர் ஒத்துப்போவது சான்று அன்று

இந்த வகைத் தவறுகளில் மிகுந்த துன்பம் விளைவித்தது 2014-இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 6 அன்று 'நியூஸ்வீக்' இதழ், மீண்டும் அச்சில் வரத் தொடங்கிய தன் முதல் இதழின் அட்டைக் கட்டுரையாக, கலிபோர்னியாவில் வசித்த ஒரு முதியவரைப் பிட்காயினின் பின்னாலுள்ள முகம் என்று காட்டியது. அவருடைய இயற்பெயரில் சதோஷி நகமோட்டோ என்பது இருந்தது. பொறியியல் பணி செய்தவர். தனித்து வாழும் சுபாவம் உடையவர். அவர் வீட்டின் படமும் வெளியிடப்பட்டது. அன்றே செய்தியாளர்கள் வாசலில் குவிந்தார்கள். அவர் காரில் ஏறியபோது வாகனங்களில் துரத்தினார்கள்.

கட்டுரையின் முதுகெலும்பாக இருந்தது, காவலர்கள் அருகே நிற்க, வீட்டு வாசலில் அவர் சொன்னதாக வெளியான ஓரிரு வாக்கியங்கள். இப்போது அதில் தமக்குத் தொடர்பில்லை, அதைப் பற்றிப் பேச முடியாது என்பது அவற்றின் சாரம். எதில் தொடர்பில்லை? முன்பு ஒப்பந்த முறையில் தாம் செய்த ரகசியப் பொறியியல் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணியே அவ்வாறு சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். 'அது', 'இது' போன்ற சுட்டுச்சொற்களைக் கொண்ட வாக்கியத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்வதற்கு முன், எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதை எழுதியாக வேண்டும். தமிழில் 'அதெல்லாம் விட்டாச்சு' என்று ஒருவர் சொன்னால் எத்தனை பொருள் கொள்ளலாம் என்பது நமக்குத் தெரியாததா?

மறுநாள், பல ஆண்டுகளாக அசையாமல் கிடந்த சதோஷியின் ஓர் இணையதளக் கணக்கிலிருந்து, அந்த முதியவர் நானல்ல என்று ஒரு வரி வெளிவந்தது. அவருக்கு ஆதரவாக எழுதியவர்கள் அதையே இறுதிச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நம் மனம் அவர்கள் பக்கமே சாய்ந்தாலும், இதையும் தவறு என்றே சொல்வேன். ஒரு கணக்கின் கடவுச்சொல் யார் கையிலும் சிக்கலாம். அவரைக் காக்க அந்த வரி தேவைப்படவும் இல்லை; குற்றம் சாட்டும் பக்கம் சான்று இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சதோஷியிடமிருந்து 10 பிட்காயின்களைப் பெற்ற ஹால் ஃபின்னி, அந்த முதியவர் வாழ்ந்த அதே சிறுநகரில் முன்பு பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். இதைக் கேட்டதும் எவருக்கும் உடல் சிலிர்க்கும். 'ஃபோர்ப்ஸ்' இதழின் செய்தியாளரும் இதைத் தொடர்ந்து சென்று, நரம்புத்தசை நோயால் படுத்த படுக்கையாக இருந்த ஃபின்னியின் வீட்டுக்கே போனார். ஆனால் சதோஷியுடன் ஃபின்னி நடத்திய பழைய மின்னஞ்சல் உரையாடலைப் பார்த்த பின் தம் ஐயத்தைக் கைவிட்டு, கைவிட்டதையே கட்டுரையாக எழுதினார். இந்தத் துறையில் நான் மதிக்கும் எழுத்து அது. ஃபின்னி 2014 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். பின்னாளில் ஓர் ஆய்வாளர் தேதிகளை அடுக்கிப் பார்த்து, 2009 ஏப்ரல் 18 அன்று ஃபின்னி 10 மைல் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சதோஷி மின்னஞ்சல் அனுப்பியிருந்ததைக் காட்டினார். ஒருவர் சதோஷியாக இருக்க முடியாது என்பதற்கான தடயத்தைத் தேடுவது, இருக்கலாம் என்பதற்கான தடயத்தைத் தேடுவதைவிடக் கடினமானது. அதைச் செய்யாமல் எழுதப்படும் கட்டுரை பாதி வேலைதான்.

சொல்லை வைத்து ஆளைப் பிடிப்பது

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பால் சங்கத்தின் கணக்கைக் குறை கூறி ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில் 'யாதொரு' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. அந்தச் சொல்லைப் பேச்சிலும் பயன்படுத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஆகவே எழுதியவர் அவர்தான் என்று முடிவாயிற்று. மலையாளத்தில் விண்ணப்பம் எழுதிப் பழகிய இந்தப் பகுதித் தமிழர்களில் பாதிப் பேர் மனு எழுதும்போது 'யாதொரு' என்றுதான் எழுதுவார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் மறுத்தபோது, எழுதியவன் ஒப்புக்கொள்வானா என்றார்கள். பேசாமல் இருந்தபோது, பார்த்தீர்களா, பதில் இல்லை என்றார்கள். அவர் வீட்டுப் பாலை அளந்து வாங்குவதற்கும் சில மாதங்கள் தயங்கினார்கள். அவரிடம் தமிழ் படித்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் அவருக்காக வாய் திறக்காதவர்களிலும் நான் இருந்தேன்.

சதோஷியின் ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் இருப்பதை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியரின் முகம் நினைவுக்கு வருகிறது. அந்த எழுத்துக்கூட்டல் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் பள்ளியில் அதையே கற்றுத்தருகிறார்கள். அது ஒரு பெரும் கூட்டத்தைக் காட்டும். அதனால் ஓர் ஆளைக் காட்ட முடியாது.

மொழிநடை ஆய்வு என்ற முறையாகச் செய்யப்படும் ஒப்பீட்டுக்கும் இதே எல்லை உண்டு. 2014-இல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில், சந்தேகிக்கப்பட்ட சிலரின் எழுத்துகளைச் சதோஷியின் கட்டுரையோடு ஒப்பிட்டு, ஒருவருடைய நடை மிக நெருங்கி வருவதாகச் சொன்னார்கள். ஒப்பிடப்பட்டவர்களில் நெருக்கமானவர் யார் என்பதை மட்டுமே அந்த முறை சொல்லும். உண்மையான ஆள் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் முதலிடத்தில் வந்தே தீருவார். 'ஒப்பிடப்பட்டவர்களுள்' என்ற ஒரு சொல்லைச் செய்தியாளர் விட்டுவிட்டால் ஆய்வின் முடிவே மாறிப்போகிறது.

பதிவிட்ட நேரங்களை வைத்துச் செய்யப்படும் கணிப்பும் அப்படித்தான். கிரீன்விச் நேரப்படி அதிகாலை 5 மணி முதல் 11 மணி வரை சதோஷியின் பதிவுகள் மிகக் குறைவு என்பது உண்மை. அது அமெரிக்காவின் இரவு நேரமாக இருக்கலாம். வேறெங்கோ பகல் வேலைக்குப் போகும் ஒருவரின் அலுவல் நேரமாகவும் இருக்கலாம்.

மறுப்பு எந்தப் பக்கத்திலும் கணக்காகாத நிலை

2011-இல் டப்ளினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை ஓர் அமெரிக்க வார இதழ் சுட்டியது. அதே காலத்தில் வேறோர் இதழ், பிட்காயினின் இணைய முகவரி பதிவான 2008 ஆகஸ்ட் 18-க்கு மூன்று நாள் முன்னதாகக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூவரைச் சுட்டியது. எல்லோரும் மறுத்தார்கள். மறுப்புகளைப் படித்தவர்களில் பலர், உண்மையான சதோஷியும் இப்படித்தானே மறுப்பார் என்றார்கள். ஒப்புக்கொண்டாலும் சான்று, மறுத்தாலும் சான்று என்று ஒருவரை நிறுத்தினால், அவர் தப்பிக்க வழியே இல்லை. அப்படி எதனாலும் பொய்யாக்க முடியாத கூற்றைச் செய்தி என்று சொல்லக்கூடாது.

இதன் மறுபக்கம், ஒப்புக்கொண்டவரை எளிதில் நம்புவது. 2015 டிசம்பரில் 'வயர்ட்', 'கிஸ்மோடோ' ஆகிய இரண்டு ஊடகங்களும் ஆஸ்திரேலியரான கிரெய்க் ரைட்டைச் சுட்டின. சில நாட்களிலேயே 'வயர்ட்', இது திட்டமிட்ட ஏமாற்றாக இருக்கலாம் என்று எழுத வேண்டிவந்தது. 2016 மே மாதம் அவரே, நான்தான் சதோஷி என்று அறிவித்தார்.

பிட்காயினில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு முகவரிக்கும் உரியவர் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவி ஒன்று உண்டு. அந்தச் சாவியைக் காட்டாமலேயே, நாம் புதிதாகக் கொடுக்கும் ஒரு வாக்கியத்தின் மீது டிஜிட்டல் கையொப்பம் இடலாம். அது சரியா என்பதை உலகில் எவரும் தம் கணினியில் சரிபார்க்கலாம். சதோஷிக்கு உரியவை என்று கருதப்படும் தொடக்ககாலச் சாவிகளில் ஒன்றால் அப்படிக் கையொப்பமிட்டுப் பொதுவில் வைக்க ஐந்து நிமிடம் போதும். ரைட் வெளியிட்ட கையொப்பமோ, 2009-ஆம் ஆண்டுப் பரிமாற்றம் ஒன்றிலிருந்து, யாவரும் காணும் பேரேட்டில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் காட்டியது என்பதை வல்லுநர்கள் அன்றே கண்டார்கள். ஆனாலும் அடைத்த அறையில் செய்துகாட்டியதை நம்பியவர்கள் இருந்தார்கள். பிட்காயின் வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய கேவின் ஆண்ட்ரசனே நம்பினார்; அவ்வாறு நம்பியது பிழை என்று பின்னர் எழுதினார். ரைட்டின் அறிவிப்புக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 14 அன்று, லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் மெல்லர், ரைட் சதோஷி அல்லர் என்று தீர்ப்பளித்தார். மே மாதம் வெளியான விரிவான தீர்ப்பு, அவர் போலி ஆவணங்களைப் பெருமளவில் தயாரித்ததாகப் பதிவு செய்தது.

சாவியால் இட்ட கையொப்பம் ஒருநாள் வந்தாலும், அது சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டுமே நிறுவும். சாவி திருடப்பட்டிருக்கலாம், வாரிசாக வந்திருக்கலாம். ஆகவே அன்றும் எழுத வேண்டிய வாக்கியம் 'சாவி இவரிடம் உள்ளது' என்பதே.

பத்து லட்சம் என்ற எண்

சதோஷியிடம் சுமார் பத்து லட்சம் பிட்காயின்கள் உள்ளன என்பது தொடக்ககாலப் பிளாக்குகளில் காணப்படும் ஓர் ஒழுங்கை வைத்து ஆய்வாளர் ஒருவர் 2013-இல் செய்த மதிப்பீடு. அதை வங்கி இருப்பைப் போல எழுதுகிறார்கள். இந்தக் கையிருப்பு நகர்ந்தால் சந்தை அசையும் என்பதால் பொதுநலன் சார்ந்த கேள்வி இதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. பிட்காயின் போன்றவற்றை வாங்கி விற்கும் தளமான 'காயின்பேஸ்' நிறுவனம் 2021-இல் பங்குச்சந்தையில் நுழையத் தாக்கல் செய்த ஆவணத்தில், சதோஷியின் அடையாளம் வெளிப்படுவதை ஓர் இடர்ப்பாடாகவே குறித்திருந்தது. தேடுவது குற்றமன்று. ஆனால் ஒரு தனிமனிதரின் பெயரோடு அவ்வளவு பெரிய செல்வத்தை அச்சில் இணைக்கும்போது என்ன நேரும் என்பதை எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் பிரான்சில், கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்றவற்றின் ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் கருவி) நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவரைக் கடத்திச் சென்று, பணம் கேட்டு அவர் விரலை வெட்டினார்கள். அவர் அந்தத் துறையில் வெளிப்படையாக இயங்கியவர். பணமே இல்லாத ஒருவரின் வாசலுக்கு அதே ஆட்கள் வந்தால், தம்மிடம் இல்லாத சாவியை அவர் எப்படிக் கொடுப்பார்?

இளைஞர்களோடு அமர்ந்து அந்த ஐந்து வடிவங்களையும் திருத்தியபோது மூன்று பழக்கங்களை வற்புறுத்தினேன். தலைப்பில் கேள்விக்குறி போட்டுப் பெயரை எழுதக்கூடாது, 'இவரா அவர்?' என்று கேட்டாலும் வாசகர் நினைவில் நிற்பது பெயர்தான். மலையாளத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ எடுக்கும்போது, 'கருதுகிறது', 'இருக்கலாம்' போன்ற வினைகளை முதலில் அடிக்கோடிட்டு, தமிழ் வாக்கியத்தில் அவை பிழைத்திருக்கின்றனவா என்று கடைசியில் எண்ணிப் பார்க்க வேண்டும். மறுப்பை முதல் பத்தியிலேயே வைக்க வேண்டும். ஏனெனில் பகிர்பவர்கள் வெட்டி எடுப்பது அந்தப் பத்தியைத்தான்.

கொழிஞ்சாம்பாறையில் பட்டப்படிப்புப் படிக்கும் ஒரு மாணவி அன்று எழுதிக் காட்டியது இது: "கனடாவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் வல்லுநரே பிட்காயினை உருவாக்கியவர் என்று ஓர் ஆவணப்படம் கருதுகிறது. அவர் அதை மறுத்துள்ளார். சதோஷியின் சாவியால் இடப்பட்ட கையொப்பம் எதுவும் படத்தில் காட்டப்படவில்லை." இதற்கு மேல் என்ன சேர்க்கலாம் என்று அவர் கேட்டார். அன்றைய நிலையில் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால், அதை அப்படியே குழுவில் போடச் சொன்னேன்.