பழைய விண்டோஸ் மென்பொருளை வைனில் ஓட்டுகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

லினக்ஸுக்கு மாறிய பிறகும் ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காக விண்டோஸைக் கட்டிக் காப்பவர்கள் உண்டு. அச்சகத்தில் அது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், கடையில் பில் போடும் ஏதோ ஒரு நிரல். 1993-ல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள் இவர்களுக்குக் கைகொடுக்கும். அது விண்டோஸை உள்ளே வைத்து ஓட்டுவதில்லை. நிரல் விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் லினக்ஸ் வழியாகவே செய்து கொடுக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, எல்லா நிரல்களையும் ஒரே ப்ரிஃபிக்ஸில் குவிப்பது. தனக்கென்று ஒரு சி டிரைவும், அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியும் உள்ள கோப்புறைதான் ப்ரிஃபிக்ஸ். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வைன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் நிறுவும். ஒரு நிரல் ஓடத் தேவையான துணைக் கோப்புகளாக விஷுவல் பேசிக் 6 ரன்டைம், மற்றொன்றுக்காக டாட்நெட், இடையில் விண்டோஸ் பதிப்பை எக்ஸ்பி என்று ஒரு மாற்றம்... நேற்று ஓடியது இன்று திறக்காது, எது கெடுத்தது என்றும் பிடிபடாது. நிரலுக்கு ஒரு ப்ரிஃபிக்ஸ் வையுங்கள். ஒழுங்காக ஓடியதும் அந்தக் கோப்புறையை முழுசாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எது கெட்டாலும் நகலைத் திரும்பப் போட்டால் போதும்.

நிறுவல் நின்றுவிட்டால் உடனே சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போடாதீர்கள். கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகி, அடுத்த முறை உங்கள் கணக்கிலிருந்து வைன் திறக்க மறுக்கும். ஆபத்து இன்னொன்றும் உண்டு. வைனின் இசட் டிரைவ் உங்கள் வட்டு முழுவதையும் காட்டுகிறது. எங்கிருந்தோ இறக்கிய, உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் கோப்பில் வைரஸ் இருந்தால், உங்களால் அழிக்க முடிந்த எல்லாவற்றையும் அதனாலும் அழிக்க முடியும்.

விண்டோஸ் கணினியிலிருந்து டிஎல்எல் கோப்புகளை (நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்புகளை) அள்ளி வந்து போடுவதும் வேண்டாம். தேவையானதை மட்டும் வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக்கருவி மூலம் நிறுவுங்கள். டாங்கிள் என்ற உரிமச் சாவியைக் கணினியில் செருகினால்தான் ஓடும் மென்பொருள் என்றால் வைனோடு மல்லுக்கட்டாதீர்கள்; இயங்குதளத்தின் உள்ளே இயங்கும் கெர்னல் டிரைவர் கேட்பவற்றுக்கு, உண்மையான விண்டோஸையே லினக்ஸுக்குள் ஓட்டும் விர்ச்சுவல் மெஷினே நல்லது.

தமிழ் வேலைக்கு ஒரு விஷயம்: பழைய கோப்புகளில் இருப்பது பெரும்பாலும் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல; அந்தந்த எழுத்துருவுக்கென்றே உள்ள குறியீடு. அதே எழுத்துரு அந்த ப்ரிஃபிக்ஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலோ லினக்ஸிலோ இல்லாவிட்டால் திரையில் தெரிவது வெறும் ஆங்கிலக் குறிகள்தான். கோப்பு பாழாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைப் போட்டுத் திறந்து, முதல் வேலையாகப் பிடிஎஃப் ஒன்று எடுத்து வையுங்கள்.