லெகோ படத்தில் வந்த கறுப்புப் பட்டைகள்

சென்ட்ரல் ஸ்டேஷனின் சிவப்புக் கடிகாரக் கோபுரத்தை லெகோவில் கட்டி, ராத்திரி எல்.இ.டி. மேஜை விளக்கைக் கிட்டே வைத்து போனில் படமெடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் குறுக்கே மங்கலான கறுப்புப் பட்டைகள். ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; வரிசைகளுக்கு நடுவே விழும் இடுக்கு நிழல் என்றுதான் தோன்றும். கட்டைகளை அழுத்தினேன், லென்ஸைத் துடைத்தேன், பின்னால் வெள்ளை சார்ட் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பகலில் பால்கனியில் எடுத்தால் மட்டும் படம் சுத்தம்.

போனைத் திருப்பிப் பிடித்தபோதுதான் துப்பு கிடைத்தது. பட்டைகளும் கூடவே திரும்பி, கோபுரத்தில் நெட்டுக்குத்தாக விழுந்தன. அப்படியானால் கோளாறு கட்டையில் இல்லை, வெளிச்சத்தில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவோ படத்தை வரிவரியாகப் பதிகிறது. ஷட்டர் வேகமாக இருந்தால், அதாவது ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம் குறைவாக இருந்தால், சில வரிகளுக்கு வெளிச்சம் குறைந்துவிடும்.

கேமராவை நாமே அமைத்துக்கொள்ளும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 வினாடிக்கு, அதாவது ஒரு முழு மினுக்கலின் நேரத்துக்கு இறக்கி, படம் வெளுக்காமலிருக்க ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளியுணர்வு அளவு) குறைத்தேன். பட்டை போயே போச்சு, அப்பாடா! 1/50-உம் சரிவரும், ஆனால் அதற்கு போனை ஸ்டாண்டில் வைப்பது நல்லது.