ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் போட்டபோது, 12 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம் என்றார்கள். கட்டினேன். மூன்றாவது மாதமே, இருட்டினால் போதும், வீடியோ நின்று சுற்ற ஆரம்பித்தது. மீதிப் பணம்? வராதாம்.

அதனால் முதலில் ஒரு மாத பிளான் மட்டும் போடுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. இரவு எட்டு மணியிலிருந்து பத்துக்குள் வேகத்தைச் சோதியுங்கள். காலையில் எந்த லைனும் நன்றாகத்தான் ஓடும். வைஃபையில் பார்க்காமல், ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் செருகிப் பார்ப்பது நல்லது. அப்புறம், காட்பாடியில் இருக்கும் மச்சான் புகழ்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் தெருவில் லைன் இழுத்துப் பராமரிப்பவர் வேறு ஆளாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேளுங்கள், மழை நாளில் எப்படி என்று.

விலையையும் கவனியுங்கள்: பிளான் 499 ரூபாய் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 ஆகும்.

புது லைன் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதை நிறுத்துங்கள். பழைய ரவுட்டரைத் திருப்பித் தரும்போது சீரியல் நம்பர் தெரிய ஒரு போட்டோ எடுத்து, ரசீதும் கேட்டு வாங்குங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது அவைதான் கைகொடுக்கும்.