மாதிரிக் கொதிகலனுக்கு வெள்ளிப் பற்றாசு: தேர்வில் நேரும் தவறுகள்

சிறிய நீராவி எஞ்சின் மாதிரிகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் செப்புக் கொதிகலன் கட்டும்போதுதான் வெள்ளிப் பற்றாசை, அதாவது உருக்கி ஊற்றி உலோகப் பாகங்களை ஒட்டவைக்கும் வெள்ளிக் கலவையை, தேடிப் போகிறார்கள். ‘சில்வர் சால்டர்’ என்று கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். பெரும்பாலான தவறுகள் அங்கேயே தொடங்குகின்றன.

முதலாவது, 96% வெள்ளீயமும் 4% வெள்ளியும் கலந்த மென்பற்றாசு. இது 221 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அழுத்தமானி 7 பார் காட்டும் கொதிகலனில் நீராவியே ஏறக்குறைய 170 டிகிரியில் இருக்கும் என்பதால், நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து நெருப்பறையின் தகடு வெளிப்பட்டுவிட்டால் அந்த இணைப்பு நிற்காது.

இரண்டாவது, ஏசி பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் செம்பு-பாஸ்பரஸ் கம்பி. செம்போடு செம்பை இணைப்பதற்கு ஃபிளக்ஸ்கூட (பற்றாசு ஒட்டும்படி உலோகப் பரப்பைத் துப்புரவாக்கும் பொருள்) தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் இரும்பையோ எஃகையோ தொட்டால் இடையில் நொறுங்கும் தன்மையுள்ள பாஸ்பைடு படலம் உருவாகிவிடும். எஃகுத் தண்டில் ஒரு செப்பு வளையத்தை இப்படிப் பற்றவைத்து, அதன் பளபளப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். வைஸில் பிடித்து லேசாகத் தட்டியதுமே வளையம் சுத்தமாகக் கழன்று விழுந்தது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் இக்கம்பியை அரிப்பதால், கரி எரிக்கும் கொதிகலனுக்கு இது அறவே கூடாது.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் கலந்த வன்பற்றாசு. இதிலும் வெள்ளியின் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. உருகத் தொடங்கும் வெப்பத்துக்கும் முழுதாக உருகும் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சிறிது வெள்ளீயமும் சேர்ந்த 55% வகை 630 முதல் 660 டிகிரிக்குள் உருகித் தண்ணீர்போல் ஓடி, 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரையிலான சந்துக்குள் தானே ஏறிவிடும். அகலமான சந்தில் நிற்காமல் வழிந்துவிடும். 650 முதல் 710 டிகிரி வரை உருகும் 40% வகை சற்றுக் கூழாக நின்று பெரிய சந்தையும் நிரப்பும். எனினும் மெதுவாகச் சூடேற்றினால் அதில் எளிதில் உருகும் பகுதி மட்டும் முதலில் ஓடிப்போய், மீதி கட்டியாகத் தங்கிவிடும். சிறிய ஊதுவிளக்கை வைத்துக்கொண்டு பெரிய கொதிகலனோடு போராடுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

பொற்கொல்லர்கள் காலங்காலமாக ஃபிளக்ஸாகக் கையாளும் வெங்காரத்தை (போராக்ஸ்) 55% வகையோடு சேர்ப்பது இன்னொரு தவறு. வெங்காரம் உருகிப் பரவ 740 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பற்றாசோ அதற்கு வெகு முன்பே உருகி, துப்புரவாகாத செம்பின் மேல் உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். இதற்கு 550 டிகிரியளவில் வேலை செய்யத் தொடங்கும் ஃபுளோரைடு ஃபிளக்ஸே ஏற்றது.

பழைய பட்டறைகளிலிருந்து கிடைக்கும் கம்பிகளில் காட்மியம் இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரிலிருந்து பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடைசெய்துள்ள அந்தக் கலவை 608 முதல் 617 டிகிரிக்குள் அழகாக ஓடும். அதன் புகையோ நுரையீரலுக்கு நஞ்சு. காட்மியம் உள்ளதா என்பதைக் கம்பியின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், கலவை விவரச் சீட்டு இல்லாத கம்பியை நான் அடுப்பருகே கொண்டுபோவதே இல்லை.