ஸாமலில் டேக் எழுதும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

விண்டோஸ் டெஸ்க்டாப் செயலிகளின் திரைகளை அமைக்க உதவும் ஸாமல் மொழி, 2006-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 3.0 பதிப்புடன், திரைகளை உருவாக்கும் டபிள்யூ.பி.எஃப். தொழில்நுட்பத்தின் அங்கமாக வெளிவந்தது. ஹெச்.டி.எம்.எல். பழகிய கைகள் இதிலும் டேக்குகளை அடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஸாமலில் ஒவ்வொரு டேக்கையும் எழுதும் முன், அது பொருளை (பட்டன் போன்ற ஓர் உறுப்பை) உருவாக்குகிறதா, பண்பை (அந்த உறுப்பின் பின்னணி, உயரம் போன்றதை) நிரப்புகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டன் என்று டேக் எழுதினால், செயலி இயங்கும்போது பட்டன் வகுப்பின் பொருள் ஒன்று பிறக்கிறது. அதனுள்ளே பட்டன்.பேக்ரவுண்ட் என்று நடுவில் புள்ளி வைத்து எழுதும் டேக், வெளியே இருக்கும் பட்டனின் பின்னணிக்கு மதிப்பு தருவதோடு சரி. தானாக எந்தப் பொருளையும் படைப்பதில்லை. ஒரே நிறம் போதுமென்றால் அதை அட்ரிப்யூட்டாகவே, அதாவது பட்டன் டேக்குக்குள்ளேயே பண்பின் பெயரும் மதிப்புமாக, எழுதிவிடலாம். ஒரு நிறம் மற்றொன்றில் கரையும் கிரேடியன்ட் வேண்டுமானால் ஒரு சொல்லில் அடங்காது என்பதால், இந்தப் புள்ளி வைத்த வடிவம் தேவைப்படுகிறது.

அடுத்த கேள்வி, ஒரு பொருள் தனக்குள் நேரடியாக எத்தனை பிள்ளைகளை, அதாவது உள் உறுப்புகளை, ஏற்கும் என்பது. பட்டன், விண்டோ, உள்ளடக்கத்தை உருட்டிப் பார்க்க உதவும் ஸ்க்ரோல்வியூவர் ஆகியவை ஒன்றைத்தான் ஏற்கும். பட்டனில் படமும் எழுத்தும் சேர்ந்து வர வேண்டுமெனில், இரண்டையும் பிள்ளைகளை வரிசையாக அடுக்கும் ஒரு ஸ்டேக்பேனலுக்குள் வைத்து, அந்தப் பேனலைப் பட்டனுக்குள் வையுங்கள்.

பல பிள்ளைகளை ஏற்று இடம் அமைக்கும் பேனல்களில் முதலில் கற்க வேண்டியது, இடத்தை வரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் பிரிக்கும் கிரிட் என்பது என் உறுதியான கருத்து. வரிசையின் உயரத்துக்கு ஆட்டோ என்று கொடுத்தால் உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கும். நட்சத்திரக் குறி கொடுத்தால் மிச்சமுள்ள இடத்தை எடுத்துக்கொள்ளும். வரிசை எண் 0-இலிருந்து தொடங்குகிறது. பிள்ளை எந்த வரிசையில் அமர வேண்டும் என்று சொல்லும் கிரிட்.ரோ என்ற அட்ரிப்யூட்டை மறந்துவிட்டால் எல்லாம் முதல் வரிசையிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

செங்குத்தான ஸ்டேக்பேனலுக்குள் நீண்ட லிஸ்ட்பாக்ஸை, அதாவது பட்டியல் காட்டும் பெட்டியை, வைப்பது பலரும் செய்யும் பிழை. ஸ்டேக்பேனல் தன் பிள்ளைகளிடம் உயரத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்வதால், லிஸ்ட்பாக்ஸ் தன் முழு நீளத்துக்கும் விரிந்துகொள்கிறது. ஸ்க்ரோல்பார் தோன்றாமல் கடைசி வரிகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. கண்ணில் படும் வரிகளை மட்டும் உருவாக்கும் வசதியும் அதோடு பயனற்றுப்போவதால், ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள பட்டியல் திறக்கவே திணறும். அதே லிஸ்ட்பாக்ஸைக் கிரிட்டில் நட்சத்திர உயரமுள்ள வரிசைக்கு மாற்றினால் இரண்டு குறைகளும் நீங்கிவிடும்.